துருவும் பூச்சும்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் வரை நீளும் சாலையில் செல்வோர் இருபுறமும் ஆலைகளையே காண்பர். ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனமும் நெல்வயலும் மேய்ச்சல் நிலமுமாய் இருந்த மண் இது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார்கள் வெளிவந்தன. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. அவற்றைச் சூழ்ந்து உதிரிபாகங்கள் செய்யும் சிற்றாலைகள் பெருகின. இன்று ஞாயிறு முதல் திருப்பலிக்கு வரும் இளைஞர்களுள் பலர் இரவுப்பணி முடித்து, அதே சீருடையில், தூக்கம் சுமந்த கண்களுடன் வந்து அமர்கின்றனர். வாகனம் செய்யும் மக்கள் நடுவே வாழும் பங்குத்தந்தையிடம் வாகனத்தைப் பற்றிய கேள்விகளும் வந்து சேர்வது இயல்பே. அப்படி வந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன். அது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. கோயில் வேப்பமரத்தடியில் வெளிப்படையாகப் பேசியது. எழுதுவதற்குக் கேட்டவரே இசைவும் தந்துள்ளார்.

அவர் முப்பது வயது இளைஞர். மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கிய சில மாதங்களில், இருக்கைக்கு அடியிலுள்ள விரிப்பைக் கழற்றிய மெக்கானிக் காய்ந்துபோன வண்டல் மண்ணைக் கண்டார். 2015 டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, அடையாறு கரைபுரண்டதை நாம் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் மூழ்கிய எண்ணற்ற கார்களுள் அதுவும் ஒன்று. விற்றவர் அதைச் சொல்லவில்லை. இப்போது தந்தையின் இதய அறுவைச் சிகிச்சைக்கு வாங்கிய கடனை அடைக்க, இளைஞர் அந்தக் காரை விற்க வேண்டிய நிலை. வாங்க முன்வந்தவர் அதே ஆலையில் வேலை செய்யும் நண்பர். வாரந்தோறும் மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு விழுப்புரத்துப் பக்கமுள்ள தம் ஊருக்குச் சென்று வருபவர்.

"ஃபாதர், முன்சக்கரத்துக்குள் இருக்கும் கேலிப்பர் துருப்பிடித்துக் கிடக்கிறது. சக்கரத்தின் இடைவெளி வழியே பார்த்தால் தெரியும். அதற்கு நல்ல சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டால் வண்டி புதிதுபோல இருக்கும். நான் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை. கேட்டால் பதில் சொல்வேன். கேட்காததையும் சொல்ல வேண்டுமா?" என்று அவர் கேட்டார்.

நான் சிந்திக்காமலே விடை சொல்லிவிட்டேன். "வண்ணம் பூசுவதில் என்ன குற்றம், தம்பி? கோயில் கம்பி வேலிக்கு நாமும் ஆண்டுதோறும் பூசுகிறோமே!" என்றேன். அவரும் நன்றி சொல்லிப் போய்விட்டார்.

ஆனால் அவர் முகத்தில் ஆறுதல் இல்லை. தவறு என்று அறியாதவன் கேள்வி கேட்க வருவதில்லை என்பது இருபத்தைந்து ஆண்டுக் குருத்துவ வாழ்வில் நான் கற்ற பாடம். அந்த வாரமே திருவிழாக் கொடியேற்றத்துக்கான ஏற்பாடுகளைப் பார்வையிட்டபோது, வேலியின் கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பளபளக்கும் நீலப் பூச்சோடு அது என் கையோடு வந்துவிட்டது. உள்ளே இரும்பு என்று சொல்ல ஏதுமில்லை. பழுப்புத் தூளே இருந்தது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே வண்ணம் பூசி வந்திருக்கிறோம். இளைஞருக்கு நான் எடுத்துக்காட்டாகச் சொன்ன வேலியே என் விடைக்கு மறுப்புரை சொல்லிவிட்டது.

துரு என்பது என்ன? இரும்பு, நீரையும் காற்றிலுள்ள உயிர்வளியையும் சேர்த்துக்கொண்டு வேறொரு பொருளாக மாறுவதே துரு. அப்பொருள் தான் உண்ட இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மேலே போர்த்திய பூச்சை உள்ளிருந்தே தள்ளிப் பிளந்துவிடும். மேலும் அது நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை விடாது பற்றிக்கொள்ளும். துருவின்மேல் பூசப்படும் வண்ணம் துருவை நிறுத்துவதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்து, கண்ணுக்கு மட்டும் அதை மறைக்கிறது. வேலியைப் பொறுத்தவரை இது பொருள் இழப்பு. ஆனால் காரில் அந்த இடம் வேறு. கேலிப்பர் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கி. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது குழாயிலுள்ள திரவம் பிஸ்டனைத் தள்ள, இரு பட்டைகள் தட்டை நெருக்கி வண்டியை நிறுத்துகின்றன. சாலையில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே நிற்பது அந்தச் சிறு இரும்புத் துண்டுதான்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்கு நானே சென்றேன். "நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டேன், தம்பி. முதலில் அதை எனக்குக் காட்டுங்கள்" என்றேன். முக்காலியில் என்னை அமர்த்திவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஜாக்கியால் தூக்கியபின், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்று இரும்புத் தாங்கியையும் அடியில் வைத்தார். சக்கரத்தைக் கழற்றி, படிந்திருந்த கரும்பொடியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார். பழைய பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு என்றார். வெளியே தெரிந்த பட்டை தடிமனாகவே இருந்தது. கேலிப்பரைக் கழற்றி, அதன் குழாய் இழுபடாதபடி கம்பியில் தொங்கவிட்டபோதுதான் உண்மை தெரிந்தது. கேலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு உதவும் இரு முளைகளுள் ஒன்று துருவேறி இறுகிப்போயிருந்தது. அதனால் உள்பக்கத்துப் பட்டை மட்டும் தேய்ந்து, அதன் உலோகத் தகட்டை நெருங்கியிருந்தது. வெளிப்பக்கத்துப் பட்டையோ ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது.

அவர் வெகுநேரம் பேசவில்லை. "வெளியிலிருந்து பார்த்திருந்தால் நல்ல பட்டை மட்டுமே தெரிந்திருக்கும், ஃபாதர். சிவப்புப் பெயின்டும் அடித்திருந்தால் யாரும் கழற்றிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்" என்றார்.

அன்பர்களே, அவர் கேட்ட கேள்வி பழமையானது. கேட்காததைச் சொல்ல விற்பவன் கடமைப்பட்டவனா? கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன் உரோமை அறிஞர் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதை விவாதிக்கிறார். தன் வீட்டின் மரங்கள் உளுத்துப்போனதையும், படுக்கையறைகளில் பாம்பு நடமாடுவதையும் அறிந்த ஒருவன் அவற்றைச் சொல்லாமல் வீட்டை விற்கலாமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், மற்றதைப் பார்ப்பது வாங்குபவன் பொறுப்பு என்கிறார் தியோஜெனஸ் என்னும் மெய்யியலார். மனிதரெல்லாம் ஒரே சமூகம், ஒருவன் அறியாமையில் மற்றவன் ஆதாயம் தேடலாகாது என்கிறார் அவருடைய மாணவர் அந்திபாத்தர். சிசரோ மாணவரின் பக்கமே சாய்கிறார்.

13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவு 77-ஆம் வினாவில், இதை மேலும் கூர்மையாக்குகிறார். பொருளின் குறை வெளிப்படையாகத் தெரிந்து, அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், விற்பவன் அதை வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவனல்லன். ஒற்றைக் கண் குதிரையை யாரும் பார்த்தே அறியலாம். ஆனால் குறை மறைவாக இருந்து, வாங்குபவனுக்கு இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்குமானால், அதைச் சொல்லியே ஆக வேண்டும். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையாக விற்பது ஆபத்து. இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடாக விற்பதும் ஆபத்து. கேட்காததைச் சொல்ல வேண்டுமா என்ற வினாவுக்கு விடை இங்கேயே உள்ளது. உயிருக்கு ஆபத்தானதைக் கேட்காமலே சொல்ல வேண்டும்.

இளைஞரின் செயலில் இதற்கும் மேலாக ஒன்று உண்டு. துருப்பிடித்த கேலிப்பர் ஊமையன்று. பார்ப்பவரை நோக்கி, "என்னைக் கழற்றிப் பார்" என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் வண்ணம் பூசுபவன் வெறுமனே வாய்மூடி இருப்பவனல்லன். உண்மை பேசும் சாட்சியின் வாயையும் பொத்துகிறவன். நாவால் மட்டுமே பொய் சொல்ல முடியும் என்று நாம் எண்ணுகிறோம். தூரிகையாலும் பொய் சொல்லலாம். வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் பேசியபோது, வெள்ளையடிப்பதை அவர் கண்டிக்கவில்லை. உள்ளே இருப்பதற்கும் வெளியே தெரிவதற்கும் இடையே இருந்த பொய்யையே கண்டித்தார்.

"எல்லாரும் இதைத்தானே செய்கிறார்கள்? என்னையும் ஒருவர் ஏமாற்றித்தானே விற்றார்? அந்த இழப்பை நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?" என்று அவர் கேட்டார். இது எளிதில் ஒதுக்கக்கூடிய கேள்வியன்று. அவர் பேராசைக்காரர் அல்லர். தந்தையின் கடனுக்காக அல்லாடும் மகன். உண்மையைச் சொன்னால் விலை குறையும் என்பது உறுதி. அறத்தைப் பேசும் நமக்கு அந்தக் கடனில் ஒரு ரூபாய்ப் பங்கும் இல்லை என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் எண்ணிப் பார்ப்போம். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு ஈடு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அந்த உரிமை அவருக்கு விற்றவர்மீதுதான் செல்லும். ஏதுமறியாத நண்பர்மீது செல்லாது. என்னைத் திருடியவனைப் பிடிக்க இயலவில்லை என்பதற்காக, நான் அடுத்தவீட்டில் திருட முடியுமா? துரு ஒரு கம்பியிலிருந்து ஒட்டியிருக்கும் மறு கம்பிக்குப் பரவுவதுபோல், ஏமாற்றமும் கைக்குக் கை மாறிச் செல்கிறது. யாரேனும் ஒருவர் "என்னோடு இது நிற்கட்டும்" என்று சொன்னாலன்றி அது நிற்பதில்லை. அப்படிச் சொல்பவர் இழப்பைத் தம்மேல் ஏற்கிறார். பிறருடைய பாவத்தின் விளைவைத் தம்மேல் ஏற்று, அதை மேலும் செல்லவிடாமல் நிறுத்தியவரின் சிலுவையைத்தானே நாம் பீடத்தில் வைத்திருக்கிறோம்!

இன்னொன்றையும் நோக்குங்கள். இந்த ஆலைப் பகுதியில் புதிய கார் ஒவ்வொன்றும் வாயிலைத் தாண்டுமுன் உருளைகள்மேல் ஏற்றப்பட்டு, பிரேக் சோதிக்கப்படுகிறது. வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே ஒரகடத்தில் நடுவண் அரசின் ஆய்வு மையமும் ஓடுதளங்களும் உள்ளன. ஆனால் சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதற்கிடையே அதன் பிரேக்கை எந்த அதிகாரியும் கட்டாயமாகச் சோதிப்பதில்லை. தொழிற்சாலையின் கண் அகன்றபின் எஞ்சியிருப்பது உரிமையாளரின் மனச்சான்று மட்டுமே. வாங்குவதற்கும் விற்பதற்கும் இடையே பாவம் எவ்வாறு நெருக்கிப் புகுந்துகொள்கிறது என்பதைச் சீராக்கின் ஞானநூல் 27-ஆம் அதிகாரத்தில், கற்களின் இடுக்கில் அறையப்பட்ட முளையோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமையைப் பேசும் அதிகாரத்தை முடிக்கிறார். என் குழந்தையை இந்தக் காரில் ஏற்றி அனுப்புவேனா என்பதே விற்பவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அப்படியானால் மூடுவதே பாவமா? அன்று. தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரத்தில் இரு ஆடைகள் உள்ளன. ஒன்று, பாவம் செய்தபின் மறைந்துகொள்ள மனிதர் தாமே தைத்துக்கொண்ட அத்தியிலை ஆடை. மற்றொன்று, அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டு, குற்றம் வெளிப்பட்டபின், கடவுளே செய்து உடுத்திய தோலாடை. முதலாவது உண்மையிலிருந்து ஒளிவதற்கு. இரண்டாவது உண்மை வெளிவந்தபின் காப்பதற்கு. பாவம் மூடப்பட்டவரைப் பேறுபெற்றவர் எனப் போற்றும் 32-ஆம் திருப்பாடலின் ஆசிரியரும், தாம் பேசாமல் அடக்கி வைத்திருந்த காலத்தில் எலும்புகள் நலிந்ததை அதே பாடலில் ஒப்புக்கொள்கிறார். நாம் மூடி வைப்பது உள்ளே அரிக்கும். நாம் திறந்து காட்டுவதை இறைவன் மூடிக் காக்கிறார். 1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம், நாம் நேர்மையாளராக்கப்படுவது பாவ மன்னிப்பு மட்டுமன்று, உள்ளார்ந்த மனிதர் புதுப்பிக்கப்படுவதும் ஆகும் என்று போதித்ததன் பொருளும் இதுவே. அருள் என்பது பழுதின்மேல் போர்த்திய வண்ணமன்று.

தில்லியில் மெஹ்ரோலியில் இன்று நிற்கும், ஏறத்தாழ 1600 ஆண்டு வெயிலையும் மழையையும் கண்ட இரும்புத் தூண் நாம் அறிந்ததே. அந்த இரும்பில் கலந்துள்ள பாஸ்பரசு காரணமாக அதன் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று தானே உருவானதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆய்ந்து விளக்கினார். வெளியிலிருந்து பூசிய காப்பு அன்று அது. இரும்பின் இயல்போடு இணைந்து விளைந்த காப்பு. புண்ணியமும் அத்தகையதே.

இளைஞர் அன்று செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். இறுகிய முளைகளையும் அவற்றின் ரப்பர் உறைகளையும் பட்டைகளையும் புதிதாக வாங்கி மாற்றினார். ஈரம் ஏறிய பிரேக் திரவத்தை ஒரு மெக்கானிக்கை அழைத்து முற்றிலும் மாற்றினார். கேலிப்பரைக் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும்வரை தேய்த்தார். குழிகளில் எஞ்சிய துருவைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் கட்டுப்படுத்தி, கழுவி உலர்த்தினார். முளைகள், பிஸ்டன், ரப்பர், பட்டை அமரும் இடம் ஆகியவற்றைத் தாள் ஒட்டி மறைத்தபின், வெப்பம் தாங்கும் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாக அடித்தார். "எங்கே பூச வேண்டும் என்பதைவிட எங்கே பூசக் கூடாது என்பதுதான் முக்கியம், ஃபாதர்" என்றார். மறையுரையில் நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். அவர் தேர்ந்தது சிவப்பு அன்று, கறுப்பு.

பின்னர் நண்பரிடம் வெள்ளத்தில் மூழ்கியது முதல் முளை இறுகியதுவரை அனைத்தையும் சொன்னார். நண்பர் யோசித்து, வேண்டாம் என்று விலகிவிட்டார். இரண்டு மாதங்கள் கார் வாசலிலேயே நின்றது. அந்நாள்களில் என்னைக் காணும்போதெல்லாம் அவர் புன்னகைத்தார். ஆனால் நான்தான் தலைகுனிந்தேன். இறுதியில் வேறொருவர், எல்லாவற்றையும் கேட்டறிந்து, மெக்கானிக்கைக் கொண்டு பார்த்தபின், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்றார். மீதிக் கடனுக்கு அவர் இன்றும் கூடுதல் நேரப் பணி செய்துகொண்டிருக்கிறார். அறம் அவருக்கு இலாபம் தந்தது என்று என்னால் எழுத முடியாது. அவரது தூக்கம் கெடவில்லை என்று மட்டும் எழுத முடியும். அதையும் அவரே சொன்னார்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு முன் கோயில் வேலியைச் சுரண்டச் சொன்னேன். செலவு கூடுதல் என்று பங்குப் பேரவையில் சிலர் முணுமுணுத்தனர். கம்பிகள் ஐந்தை மாற்ற வேண்டியதாயிற்று. சுரண்டிய இரும்புக்கு முதல் பூச்சாக ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்த இளைஞர், "இது என்ன தெரியுமா, ஃபாதர்? இதில் உள்ளதும் இரும்பு ஆக்சைடுதான், ஏறக்குறையத் துருவேதான். அரைத்து, எண்ணெயோடு குழைத்துப் பூசினால் அதே பொருள் இரும்பைக் காக்கும்" என்றார். மறைத்துவைத்தால் தின்னும் அதே துரு, நொறுக்கப்பட்டு வெளியே வந்தபின் காவலாகிறது. ஒப்புக்கொள்ளப்பட்ட பாவமும் அவ்வாறே தாழ்மையாக மாறி நம்மைக் காக்கும் என்பதை மறையுரை மேடையிலிருந்து பலமுறை சொல்லியிருக்கிறேன். அதைக் கையில் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

வேலி இப்போது நீல நிறத்தில் நிற்கிறது. பிடித்துப் பார்த்தேன், அசையவில்லை.